முன்வரிசைச் சிரிப்பு

அந்தப் பக்கம் வெயில் மூஞ்சியில அடிக்கும், இப்படி வா, என் பக்கத்துல உக்காரு. பையை மடியில வச்சுக்க. போரூர் தாண்டற வரைக்கும் இந்த வேன் நம்மளைக் குலுக்கி எடுத்துடும், அப்புறம் ரோடு பரவாயில்ல. பேரு என்ன சொன்னே? பொற்கொடியா. நல்ல பேரு. அங்க யாரும் கேக்கப் போறதில்ல, எனக்குத் தெரிஞ்சா போதும். என்னை எல்லாரும் குணாக்கான்னுதான் கூப்பிடுவாங்க, நீயும் அப்படியே கூப்பிடு.

முதல் நாள்னா யாருக்கும் பயமாத்தான் இருக்கும். ஒண்ணும் இல்ல. போனதும் செல்லை வாங்கி ஒரு பையில போட்டுடுவாங்க, கடைசியில குடுப்பாங்க. உள்ள ஏசி விறைக்கும், முந்தானையை இழுத்துப் போத்திக்காதே, கேமராவுல அசிங்கமாத் தெரியும். தண்ணி கொஞ்சமா குடி. நடுவுல எழுந்து போக விட மாட்டாங்க. நம்ம வம்பு சோபா ஷோவை டிவியில பார்த்திருப்பே, பெரிய சோபா, பின்னால கண்ணாடி ஜன்னல், ஜன்னல்ல மெட்ராஸ் முழுக்கத் தெரியும். கிட்டப் போய்ப் பார்த்துட்டு என்னடா இதுன்னு நினைக்காதே. ஜன்னல் ஃபிளெக்ஸு. சோபாவுக்கு முன்பக்கம் மட்டும்தான் துணி, பின்பக்கம் வெறும் பலகையும் ஆணியும். அந்தப் பக்கமா போகாதே, போன வாரம் ஒருத்தி சேலையைக் கிழிச்சுக்கிட்டா.

இன்னொண்ணு சொல்றேன், இதைத்தான் முக்கியமா கேட்டுக்கணும். வத்தல் வரதனும் பீப்பாய் பிரிட்டோவும் சோபாவுல உக்காந்து, அன்னிக்குப் பேப்பர்ல வந்ததை வச்சு வம்பு பேசுவாங்க, நாம எதிர்ல உக்காந்து சிரிப்போம்னுதானே நினைச்சுட்டு வர்றே? எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க. அவங்க வரவே மத்தியானம் ஆகும். காலையிலேயே நம்ம சிரிப்பை எடுத்துடுவாங்க. சோபா காலியாத்தான் இருக்கும். அதைப் பார்த்து சிரிக்கணும். சின்னச் சிரிப்புன்னா சின்னதா. பெருசுன்னா பெருசா. கைதட்டச் சொன்னா தட்டணும், எழுந்து நின்னு தட்டுன்னா எழுந்துடணும், கண்ணு கலங்குன்னா கலங்கணும். எல்லாத்துக்கும் நான் முன்னால நின்னு கை காட்டுவேன். அதையெல்லாம் எடிட்டிங்ல நிர்மல் தம்பி வெட்டி எங்கெங்க வேணுமோ அங்கங்க ஒட்டிக்கும். நல்லா வந்த சிரிப்பைத் தனியா எடுத்து வச்சுக்கும், அடுத்த மாசமும் போடும், அதுக்கடுத்த மாசமும் போடும். ஜனங்களுக்கு எங்க தெரியப்போவுது?

இதை வெளியில மூச்சு விடக்கூடாது. வீட்டுக்காரர் கிட்டகூட சொல்லக்கூடாது. ஒருத்தி சொன்னா. அவளால நான் பட்ட பாடு இருக்கே, என் எதிரிக்கும் வேணாம். நம்பிக் கூட்டிட்டுப் போனவளோட பேரையே நாறடிச்சுட்டுப் போயிட்டா. அதனாலதான் புதுசா யாரு வந்தாலும் முதல்ல இதைச் சொல்லிடறது.

லோகநாயகின்னு பேரு. லோகா. மாங்காட்டுல எங்க தெருவுக்கு அடுத்த தெரு. புருஷன் ஏழுமலை பெயின்டரு, கட்டடத்துக்கு சுண்ணாம்பு, பெயின்ட் எல்லாம் அடிப்பான். ஒரே பொண்ணு, இனியா, ஒண்ணாங்கிளாஸ். இவளை முதல் முதல்ல நான் பார்த்தது ஒரு காதுகுத்துல. பந்தியில யாரோ என்னவோ சொன்னாங்க, இவ சிரிச்சா பாரு! முதல்ல கையால வாயைப் பொத்திக்குவா. அப்புறம் தோள் ரெண்டும் குலுங்கும். அப்புறம் கை நழுவிடும், கண்ணுல தண்ணி வந்துடும், பக்கத்துல இருக்கறவ தொடையில ஒண்ணு போடுவா. பார்க்கறவங்களுக்கு என்ன ஏதுன்னே தெரியாம சிரிப்பு வந்துடும். நான் இலையை மூடிட்டு நேரா அவகிட்ட போயிட்டேன்.

நான் கொண்டு வந்து விட்ட ஆளுதான் அவ, யாரை வேணா கேளு. புருஷன் முதல்ல ஒத்துக்கல. நான்தான் வீட்டுக்குப் போய் உக்காந்து பேசினேன். தம்பி, நான் கூடவே இருக்கேன், பொம்பளைங்க வேன்லயே போவோம், வேன்லயே வருவோம்னு. சரின்னான். அவனுக்கும் உள்ளுக்குள்ள ஆசை, பொண்டாட்டி டிவியில வரணும்னு. நான் ஒரு கிளிப்பச்சை சேலை எடுத்துக் குடுத்தேன், என் சொந்தக் காசுல. எப்ப எடுத்தாலும் அதையே கட்டணும், அப்பதான் பழைய சிரிப்பும் புது சிரிப்பும் ஒட்டும்னு நிர்மல் சொல்லியிருந்துச்சு. வேற யாருக்கு நான் சேலை எடுத்துக் குடுத்திருக்கேன்? இந்த வேன்ல இருக்கறவளுங்களைக் கேட்டுப் பாரு, இன்னிக்கும் வயித்தெரிச்சல்.

அவ சிரிப்பை நிர்மல் தம்பி அரைநாள் உக்காந்து எடுத்துச்சு. முன்வரிசையில, நடு சீட்டுல. எல்லா விதமாவும். அதுலேர்ந்து வம்பு சோபாவுல வரதன் என்ன சொன்னாலும் அடுத்து லோகா சிரிப்புதான். சில ஜோக்கு சப்புன்னு இருக்கும், இவ சிரிச்சதும் வீட்டுல இருக்கறவங்களும் சிரிச்சுடுவாங்க. வரதனே ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, யாரும்மா அந்தப் பச்சை சேலை, என் மானத்தைக் காப்பாத்துதுன்னாரு. எனக்கு எவ்வளவு பெருமையா இருந்துச்சு தெரியுமா!

அப்புறம்தான் அது நடந்துச்சு. ஏழுமலை சாரத்துலேர்ந்து விழுந்துட்டான். மூணாவது மாடி. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே உயிர் போயிடுச்சு. நான் மாலை வாங்கிட்டு முதல் ஆளா போய் நின்னேன். லோகா அழவே இல்ல. பேய் அறைஞ்ச மாதிரி உக்காந்திருந்தா. குழந்தை மட்டும் அவ மடியில மூஞ்சியைப் புதைச்சுக்கிட்டு அழுதுட்டே இருந்துச்சு, யாராலயும் தூக்க முடியல. பாவமாத்தான் இருந்துச்சு. நமக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்குல்ல.

காரியத்துக்கு முந்தின நாளு. செத்த வீட்டுல டிவி போட மாட்டாங்க, உனக்குத் தெரியும். ஆனா செல்லு இருக்கே, இந்தப் பாழாப்போன செல்லு! ஏழுமலையோட அண்ணன் மூர்த்தி, குன்றத்தூர்ல இருக்கான், அவன் பொண்டாட்டிக்கு யாரோ வம்பு சோபாவை வெட்டி அனுப்பியிருக்காங்க. அன்னிக்கு சாயங்காலம் வந்த சோபா. வரதன் அன்னிக்குப் பெஞ்ச மழையைப் பத்திப் பேசறாரு, செம்பரம்பாக்கம் ஏரி நிறைஞ்சதைப் பத்திப் பேசறாரு. பேசிட்டு, வழக்கமா சொல்ற புருஷன் பொண்டாட்டி ஜோக்கு ஒண்ணு. என்னமோ, புருஷன் ஒரேயடியா போய்ச் சேர்ந்தாத்தான் பொண்டாட்டிக்கு நிம்மதியா தூக்கம் வரும்ங்கற மாதிரி. உடனே லோகா. பச்சை சேலை, தலையில பூ, நெத்தியில இவ்வளவு பெரிய பொட்டு. வாயைப் பொத்திக்கிட்டு, தோள் குலுங்கி, கண்ணுல தண்ணி வர சிரிக்கிறா.

ஏன் உனக்கு மூஞ்சி இப்படிப் போவுது? நான் என்ன பண்ணுவேன்? நிர்மலுக்கு அவ புருஷன் செத்தது தெரியுமா? எங்கிட்ட யாரும் கேக்கல, நானும் போய்ச் சொல்லல. தலைக்கு மேல வேலை, இதையெல்லாம் எவ நெனப்புல வச்சிருப்பா?

அவ நேரம் பாரு, அன்னிக்குப் பகல் முழுக்க வீட்டுல இல்ல. இறப்பு சர்ட்டிபிகேட்டுக்காக ஆபீஸுக்குப் போயிருக்கா. மூர்த்திக்கு எழுதப் படிக்கத் தெரியாது, நீயே போம்மான்னு அனுப்பினதே அவன்தான். அங்க ஆபீசர் வரல, காத்துக் காத்துக் கிடந்துட்டு ராத்திரிதான் வெறுங்கையோட திரும்பி வந்திருக்கா. வந்தா வாசல்லயே கூட்டம். எங்கேடி போயிருந்தேன்னு மாமியார்க்காரி ஆரம்பிச்சாளாம். ஆபீஸுக்குன்னா. எங்க காயிதம்னு கேட்டாங்க. காயிதம் இல்ல. செல்லைக் காட்டினாங்க. இது என்னன்னாங்க.

இவ என்னென்னவோ சொல்லியிருக்கா. இது எப்பவோ எடுத்தது, நான் அங்க போகவே இல்ல, சோபாவுல யாரும் இல்லாதப்பவே எங்க சிரிப்பை எடுத்துடுவாங்க, அப்புறம் ஒட்டுவாங்கன்னு. யாரு நம்புவா? நீயே சொல்லு, உங்கிட்ட ஒருத்தி வந்து இப்படிச் சொன்னா நம்புவியா? அன்னிக்குப் பெஞ்ச மழையைப் பேசறான், அன்னிக்கு நீ சிரிக்கிறே, எங்களை என்ன கேணையன்னு நினைச்சியான்னு மூர்த்தி அடிக்கவே போயிட்டானாம். காரியம் முடிஞ்ச கையோட குழந்தையைத் தூக்கிட்டாங்க. செய்யாறு பக்கம், ஏழுமலையோட அக்கா வீட்டுக்கு. புருஷன் சாம்பல் ஆறறதுக்குள்ள பூ வச்சுக்கிட்டு சிரிக்கப் போனவகிட்ட எங்க வீட்டுப் பிள்ளை வளராதுன்னு.

போலீசுக்கும் போயிருக்கா. குடும்ப விஷயம், பெரியவங்களை வச்சுப் பேசித் தீர்த்துக்குங்கன்னு அனுப்பிட்டாங்க. அப்பதான் எங்கிட்ட வந்தா. ஸ்டுடியோ வாசல்ல, கையைப் பிடிச்சுக்கிட்டு, அக்கா, நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னா போதும், அன்னிக்கு நான் வேன்ல ஏறலன்னு சொன்னா போதும், என் குழந்தையைக் குடுத்துடுவாங்கன்னு அழுதா. எனக்கும் கண்ணு கலங்கிடுச்சு. நான் நேரா புரொடியூசர் விக்டர் சார்கிட்ட போனேன். நான் போகலன்னு யாராவது சொன்னா நாக்கு அழுகிடும். சார், இப்படி ஆயிடுச்சு, என்ன சொல்லட்டும்னு கேட்டேன்.

விக்டர் சார் நல்ல மனுஷன். பொறுமையா கேட்டாரு. குணாம்மா, நாம தினமும் சுடச்சுடன்னு சொல்லிட்டு வர்றோம், சிரிப்பு எல்லாம் பழசுன்னு தெரிஞ்சா நாளைக்கே செல்லுல போட்டுக் கிழிச்சுடுவாங்க, ஷோவை மூட வேண்டியதுதான், மூடினா உங்க வேனுக்கும் வேலை இல்ல, அந்தப் பொண்ணுக்கு வேற எதுனா உதவி பண்ணலாம், இதை மட்டும் சொல்லிடாதீங்கன்னாரு. அதுல என்ன தப்பு? இந்த வேன்ல இருக்கற அத்தனை பேர் வீட்டு அடுப்பும் இதை நம்பித்தானே எரியுது. அதோ அந்த நீலச் சேலைக்காரி, புருஷன் குடிகாரன். பின்னால தூங்கறாளே, அவ பையனுக்கு வாரா வாரம் ஆஸ்பத்திரி. இவங்களையெல்லாம் நான் பார்க்கணுமா வேணாமா?

அதுக்காக நான் போகாம இருந்தேனா? போனேன். குன்றத்தூர்ல மூர்த்தி வீட்டு வாசல்ல நாற்காலி போட்டுப் பெரியவங்க உக்காந்திருந்தாங்க. லோகா ஒரு ஓரமா, வெள்ளையும் இல்லாம கலரும் இல்லாம ஒரு பழைய சேலையில நின்னுட்டிருந்தா. என்னைப் பார்த்ததும் அவ மூஞ்சியில உயிர் வந்துச்சு. அதோ எங்க அக்கா வந்துட்டாங்க, அவங்களையே கேளுங்கன்னா.

ஒரு பெரியவர், பார்த்தா கோயில் தர்மகர்த்தா மாதிரி இருந்தாரு, எங்கிட்ட கேட்டாரு. ஏம்மா, நீதான் கூட்டிட்டுப் போறவளாமே, நாலு பேரு மத்தியில சாமி சத்தியமா சொல்லு, இந்தப் பொண்ணு அன்னிக்கு உன் வேன்ல வந்துச்சா இல்லியான்னு.

நீ என் இடத்துல இருந்து யோசிச்சுப் பாரு பொற்கொடி. வந்தான்னு சொன்னா பொய். சாமி பேரைச் சொல்லிப் பொய் சொல்ற வழக்கம் எனக்குக் கிடையாது, நான் செவ்வாய்க்கெழமை விரதம் இருக்கறவ. வரலன்னு சொன்னா, அப்ப அது எப்படி டிவியில வந்துச்சுன்னு அடுத்த கேள்வி வரும், எல்லாத்தையும் கக்கணும். அதனால நான் ஆமான்னும் சொல்லல, இல்லைன்னும் சொல்லல. அவங்க முன்னால கையைக் கூப்பினேன். கூப்பி, ஐயா, ஒண்ணும் அறியாத பொண்ணு, கஷ்டத்துல இருக்கா, புத்தி கெட்டுப் போச்சு, பெரிய மனசு பண்ணி மன்னிச்சு விட்டுடுங்க, குழந்தையைத் தாய்கிட்ட குடுத்துடுங்கய்யான்னேன். அழுதேன். எனக்குக் கண்ணீர் சட்டுனு வந்துடும், தொழிலே அதுதானே. அங்க இருந்த பொம்பளைங்ககூட மூக்கைச் சிந்தினாங்க. கால்லயே விழப் போனேன், பெரியவர்தான் தடுத்துட்டாரு. கூடப் பொறந்தவகூட இப்படிக் கெஞ்சியிருக்க மாட்டா.

லோகா என்னைப் பார்த்தா. அக்கா, இல்லைன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கக்கான்னா. நான் அவ தோளை அணைச்சுக்கிட்டு, விடு லோகா, நடந்தது நடந்து போச்சு, மன்னிப்பு கேட்டுடுன்னு சொன்னேன். நல்லதுக்குத்தான் சொன்னேன்! மன்னிப்பு கேட்டிருந்தா மனசு இரங்கியிருப்பாங்க. இவ என் கையைத் தட்டி விட்டுட்டா. அத்தனை பேர் முன்னால. தட்டி விட்டுட்டு, இந்தப் பொம்பள பொய் சொல்றா, இவங்க எல்லாரும் காலி சோபாவைப் பார்த்து சிரிக்கறவங்க, எல்லாமே பொய்யின்னு கத்த ஆரம்பிச்சுட்டா. அதான் சொன்னேனே, ஊர் முன்னால நம்ம ரகசியத்தைப் போட்டு உடைச்சவன்னு. நல்லவேளை, யாரும் காதுல வாங்கல. புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு நினைச்சுக்கிட்டாங்க. பெரியவர், அதான் கூட்டிட்டுப் போனவளே ஒத்துக்கிட்டாளே, இன்னும் என்னம்மான்னு துண்டை உதறிட்டு எழுந்துட்டாரு.

நான் எங்க ஒத்துக்கிட்டேன்? நான் எதையுமே ஒத்துக்கல. அவரா நினைச்சுக்கிட்டா அதுக்கு நானா பொறுப்பு?

கடவுள் கண்ணு தெறந்து பார்த்தான், அடுத்த மாசமே இன்னொரு ஷோவுக்கும் ஆள் சேர்க்கற வேலையை விக்டர் சார் எனக்கே குடுத்துட்டாரு. நாம மனசறிஞ்சு யாருக்கும் கெடுதல் பண்ணலன்னா நமக்கு நல்லதுதான் நடக்கும். லோகா அதுக்கப்புறம் வேலைக்கு வரல. நான் ஆள் விட்டுக் கூப்பிட்டேன், வரல. எங்கேயோ சட்டை தைக்கற கம்பெனியில சேர்ந்துட்டாளாம்.

அவ சிரிப்பா? அது போயிட்டுத்தான் இருக்கு. ஏன் எடுக்கணும்? நல்லா இருக்கே. தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு வருது. அதுலதான் இப்ப புதுசா ஒரு பிரச்சனை.

போன வாரம் மறுபடியும் வந்து நின்னா, அதே வாசல்ல. கன்னம் ஒட்டிப் போயி, ஆளே அடையாளம் தெரியல. திட்டப் போறாளாக்கும்னு நான் வாட்ச்மேன் பக்கத்துலயே நின்னுக்கிட்டேன். திட்டல. செய்யாறுக்குப் போயிருந்தாளாம். நாத்தனார் வீட்டு வாசல்ல நின்னு கெஞ்சி, கடைசியில போனாப் போவுதுன்னு குழந்தையை வெளிய விட்டிருக்காங்க. இவ ஓடிப்போய்க் கையை நீட்டியிருக்கா. அது வரலையாம். தூணைப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சாம். நின்னுக்கிட்டு, நீதான் தினமும் டிவியில சிரிக்கிறியே, நான் இங்க அழுதுட்டே இருக்கேன், நீ சிரிச்சுக்கிட்டே இருக்கே, என்னைத் தேடவே இல்லன்னு சொல்லிட்டு உள்ள போயிடுச்சாம். நாத்தனார்க்காரி கதவைச் சாத்திட்டா.

இவ குழந்தைகிட்ட என்னன்னு சொல்லுவா? பெரியவங்களுக்கே புரியல, ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்கு எடிட்டிங்கா புரியும்?

அக்கா, குழந்தையைக் கேக்கல, நீங்க எனக்காகப் பேசவும் வேணாம், அந்தச் சிரிப்பை மட்டும் எடுத்துடச் சொல்லுங்கன்னா. அவ்வளவுதான் கேட்டா. நான் கல்லு இல்ல பொற்கொடி. அன்னிக்கே நிர்மல்கிட்ட போய்ச் சொன்னேன். அது, எடுத்துடறேன்க்கா, ஆனா அந்த இடத்துல ஒட்ட அதே மாதிரி ஒரு சிரிப்பு வேணுமே, கொண்டு வாங்க, மறுநாளே மாத்திடறேன்னுச்சு. அதுலேர்ந்து தெருத்தெருவா தேடறேன். எவளுக்கும் அப்படி வரல. நேத்து ரேஷன் கடை கியூவுல அந்தக் கிழவன் என்னவோ சொன்னதுக்கு நீ சிரிச்சே பாரு, அப்பவே முடிவு பண்ணிட்டேன். இன்னிக்கு உன்னோட சிரிப்பு நல்லா விழுந்துச்சுன்னா நாளைலேர்ந்து லோகா டிவியில வர மாட்டா. அவளுக்கு அந்த உதவியாவது நான் பண்ணிட்டேன்னு இருக்கும்.

என்ன கேட்டே? குழந்தையா?

அது அங்கதான் இருக்கு. அந்த ஊர்லேர்ந்து இங்க வாக்கப்பட்டு வந்தவ ஒருத்தி எங்க வேன்ல வர்றா, அவ சொன்னா. ஏழு மணி ஆச்சுன்னா எங்க விளையாடிட்டு இருந்தாலும் ஓடிவந்து டிவி முன்னால உக்காந்துக்குதாம். அத்தைக்காரி திட்டினாலும் நகராதாம், அடிச்சாலும் நகராதாம். லோகா மூஞ்சி வந்ததும் கிட்டப் போய் டிவியில கையை வச்சுக்குமாம். அது போனதும் எழுந்து போய் மூலையில படுத்துக்குமாம்.

நாளைலேர்ந்து உன் மூஞ்சி வரும். ரெண்டு நாள் தேடும், அப்புறம் விட்டுடும். பிள்ளைங்க சீக்கிரம் மறந்துடும்மா.

என்ன அப்படிப் பார்க்கறே? எழுந்திரு, ஸ்டுடியோ வந்துடுச்சு. கண்ணைத் தொடைச்சுக்கிட்டு இறங்கு, முதல்ல உன்னைத்தான் எடுக்கப் போறாங்க.